தட்டில் இல்லாத இலை

கதோவாகி-சான் தட்டில் எதையும் மிச்சம் வைக்க மாட்டார். இனிப்பின் கடைசித் துணுக்கை மூங்கில் குச்சியால் ஓரத்துக்குத் தள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பிறகு சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்துத் தட்டைத் துடைப்பார். தின்ன முடியாதது எதுவாக இருந்தாலும், விதையோ தோலோ, அந்தத் தாளில் மடிந்து அவரோடு அவர் வீட்டுக்குப் போய்விடும். தட்டில் யாரும் சாப்பிட்ட அடையாளமே இருக்காது.

அவர் பக்கத்து வீட்டுக்காரர். ஏரிக்கரை ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். மகன் ஹிரோஷிமாவில். வகானா கல்யாணமாகி மத்சுயேவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை, மதியத்துக்கு மேல் வீடு. ஊரில் அவளுக்குப் பேச்சுத்துணை அவர் ஒருவர்தான். பேசுவதும் பெரும்பாலும் அவர்தான்.

அவள் பிறந்த ஒகயாமா வீட்டில் மாட்சா என்கிற பச்சைத் தேயிலைப்பொடி டீ யாராவது கல்யாணம் செய்துகொண்டால் குடிக்கிற பொருள். இங்கே தச்சர்கள்கூட வேலை நடுவில் கிண்ணத்தை வைத்து நுரைக்க அடித்துக் குடிக்கிறார்கள். முதலில் அவளுக்கு அது பயமாக இருந்தது. கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்தே பாதி ஆறிவிடும். கதோவாகி-சான்தான், எந்தப் பக்கம் திருப்பினாலும் வயிற்றுக்குள்தான் போகும் என்று சொல்லி அந்தப் பயத்தை முடித்துவைத்தார். அதன்பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் இரண்டு இனிப்பாக வாங்கிவந்தாள். மூன்று மணிக்குச் சமையலறை ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். அவர் வாசல் வழியாக வராமல் வேலியோரம் சுற்றிப் பின்பக்கமாக வருவார்.

ஏப்ரலில் செர்ரி இலை சுற்றிய மொச்சி என்கிற அரிசி உருண்டை வாங்கியிருந்தாள். உப்பில் ஊறிய இலை. அவர் அதை வாழைப்பழத் தோல்போல உரித்துத் தாளில் வைத்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊருக்கு வந்து அவள் ஒருவரைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இலையோட சாப்பிடணும், கதோவாகி-சான். உரிச்சிட்டா அதுல என்ன இருக்கு?"

"எங்க வீட்டுல உரிச்சித்தான் குடுப்பா. ஒரு ஆயுசு பூரா ஏமாத்தியிருக்கா பாருங்க."

அவர் இலையை எடுத்துத் தின்றார். மே மாதம் வேறொரு இலையில் பொதிந்த மொச்சி வந்தது. அது வெறும் பொதிவதற்கான இலை, தோல்போல இருக்கும். அதையும் அவர் வாயில் போட்டு மென்றார். அவள் பதறிப்போய்த் துப்பச் சொன்னாள். அவர் துப்பவில்லை, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பேசினார். மாசத்துக்கு மாசம் சட்டம் மாறுது, ரயில்வேயில் கூட இத்தனை சிக்னல் கிடையாது என்றார். அன்றைக்கு இருவரும் நிறையச் சிரித்தார்கள்.

ஜூன் மழை தொடங்கியபோது கடைகளில் அஜிசாய் வந்துவிட்டது. மழைக்காலத்தில் நீலமும் ஊதாவுமாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கிற அந்தப் பூவைப்போலவே செய்த இனிப்பு. நடுவில் வெள்ளைப் பயற்றுப் பூரண உருண்டை, மேலே கண்ணாடிபோலச் சின்னச் சின்னக் கடற்பாசித் துண்டுகள். கடைக்காரர் அதைப் பிளாஸ்டிக் கிண்ணியில் வைத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து தட்டில் வைத்தபோது ஏதோ குறைவதுபோல இருந்தது. வகானா குடையோடு தோட்டத்துக்குப் போய், அங்கே நின்ற அஜிசாய்ப் புதரிலிருந்து இளசாக இரண்டு இலைகளைக் கிள்ளினாள். குழாயில் கழுவினாள். சற்றுநேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். பச்சை இலைமேல் நீலப் பூ. மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தாள். அழகாக இருந்தது. போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டாள்.

கதோவாகி-சானும் அழகு என்றார். தட்டைக் கையில் ஏந்திக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் பார்சல்காரன் மணி அடித்தான். அவள் போய்க் கையெழுத்துப் போட்டு, பெட்டியை உள்ளே இழுத்து வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்து மாட்சாவையும் ஒரே மடக்கில் குடித்து முடித்திருந்தார். வழக்கமாக அப்படிக் குடிப்பவர் இல்லை. இன்னொரு கிண்ணமும் அவர் கேட்டு வாங்கிக் குடித்தார். மழை வலுக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவள் படத்தை அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா தொமோமி ஒகயாமாவில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் உணவுத்திட்ட நிபுணர். ஷிப்ட் முடிந்து சாயங்காலம்தான் பதில் வரும். வந்தது. அழகா இருக்கு, அது என்ன இலை என்று கேட்டிருந்தாள். அஜிசாய், நம்ம தோட்டத்துது என்று வகானா எழுதினாள்.

உடனே போன் அடித்தது. தொமோமி போன் செய்கிற ஆள் இல்லை.

"யாரும் தின்னலையே?"

"எதை?"

"இலையை, வகானா. யாரும் வாயில வைக்கலையே?"

தொமோமி வேகமாகப் பேசினாள். அது விஷம். சில ஓட்டல்களில் அலங்காரத்துக்கு வைத்து, தின்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அரைமணி நேரம், ஒருமணி நேரத்துக்குள் வாந்தி, தலைசுற்றல், முகம் சிவந்துபோகும். அநேகமாக எல்லாருக்கும் ஓரிரு நாளில் சரியாகிவிட்டது.

"அநேகமான்னா?"

"நான் படிச்ச வரைக்கும். இளவயசுக்காரங்களுக்கு. உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"நான் தின்னலை, அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தாரு."

"எத்தனை வயசு?"

"எழுபத்தஞ்சுக்கு மேல. இதயத்துக்கு மாத்திரை போடுறவரு."

"தட்டுல இலை இருக்கான்னு பாரு" என்றாள் அக்கா.

வகானா சமையலறைக்குப் போனாள். தொட்டியில் இரண்டு தட்டும் அப்படியே கிடந்தன. ஒன்றில் அவளுடைய இலை, இனிப்பின் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று சுத்தமாக இருந்தது. தண்ணீர் போகும் வலைக்குள் பார்த்தாள். குப்பைப் பையைத் திறந்து, தேயிலைச் சக்கையையும் முட்டை ஓட்டையும் கையால் விலக்கிப் பார்த்தாள். மேசைக்கு அடியில், அவர் உட்கார்ந்த மெத்தைக்கு அடியில். இலை இல்லை.

அது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும், தட்டில் இலை இல்லை என்றால் தின்றுவிட்டார் என்று அர்த்தம். தட்டில் இருந்தால் தின்னவில்லை. கதோவாகி-சானுக்கு மட்டும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தின்றிருந்தால் வயிற்றில் இருக்கிறது. தின்னாவிட்டால் தாளில் இருக்கிறது. இரண்டுக்கும் தட்டு ஒரே பதிலைத்தான் சொல்லும்.

அவர் வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மழைக்குள் அவருடைய வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது, குளியலறைப் பக்கம். அவர் சாயங்காலத்தில் குளிக்கிறவர்தான். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

போனில் தேடினாள். அக்கா சொன்னதுதான் இருந்தது, கூடவே இன்னொன்றும். இலையில் எந்தப் பொருள் அப்படிச் செய்கிறது என்பது இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்று போட்டிருந்தது. அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பெயர் தெரிந்த விஷம் என்றால் அதற்கு அளவு இருக்கும், மாற்று மருந்து இருக்கும். இதற்கு ஒன்றும் இல்லை.

மசானோரி அலுவலகத்தில் இருந்தான். கணவன் குரலைக் கேட்டால் கொஞ்சம் நிதானம் வரும் என்று நினைத்தாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, அவர் கண்டிப்பாகத் தாளில்தான் மடித்து எடுத்துப் போயிருப்பார், மாம்பழக் கொட்டையையே எடுத்துப் போனவர் என்றான். பச்சை இலையை யார் தின்பார்கள்?

"அவர் இலையை உரிச்சதைப் பாத்து நான் ஏப்ரல்ல சிரிச்சேன்" என்றாள் வகானா.

அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

"போய்க் கேட்டா என்ன நினைப்பாரு, சொல்லு. நீங்க எங்க வீட்டுல விஷம் சாப்பிட்டீங்களான்னு கேப்பியா? ஒண்ணும் இல்லாத மனுஷனுக்கு நீயே நெஞ்சுவலி வரவெச்சிருவே. நான் ஏழு மணிக்குள்ள வந்துடறேன். சேந்து போவோம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த ஊரில் விருந்தாளியிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதில்லை. விருந்தாளியும் எதைச் சாப்பிட்டாலும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். வயிறு கலக்கினாலும் அடுத்த நாள் வந்து, நேற்றைய இனிப்புக்கு நன்றி என்பார். இரண்டு பக்கமும் இப்படி இருந்தால் நடுவில் ஒரு மனிதர் சத்தமில்லாமல் செத்துப்போக முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. மரியாதையாகவே செத்துப்போக முடியும்.

அவள் தன் தட்டிலிருந்த இலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். குடை எடுக்க மறந்துபோனாள்.

அவர் வீட்டு முன்கதவு பூட்டியிருக்கவில்லை. இழுத்துத் திறந்து, செருப்புக் கழற்றும் இடத்தில் நின்று கூப்பிட்டாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"யாரு?"

"வகானா. பக்கத்து வீட்டு வகானா."

"வரேன், வரேன். இருங்க."

வர நேரமாயிற்று. சுவரில் மாட்டியிருந்த பழைய ரயில் தொப்பியையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வந்தபோது கழுத்தில் துண்டு இருந்தது. முகம் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

முகம் சிவந்துபோகும். குளித்துவிட்டு வந்தாலும் முகம் சிவக்கும்.

"குளிச்சிட்டிருந்தேன்" என்றார், அவள் கேட்காமலே. "நனைஞ்சு போயிருக்கீங்களே. குடை இல்லையா?"

"இனிப்பு... இன்னைக்கு இனிப்பு எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. சொன்னேனே. பூ மாதிரியே பண்ணியிருந்தாங்க."

"ஒண்ணும் பண்ணலையே? வயிறு..."

"என் வயித்துக்கு என்ன? இரும்பு."

அவர் சிரித்தார். ஒரு கையால் கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். வகானா அவர் தலையைப் பார்த்தாள். மெல்லிய வெள்ளை முடி, சீவி விட்டபடியே இருந்தது. காய்ந்திருந்தது. கழுத்தில் தொங்கிய துண்டின் ஒரு முனை மட்டும் ஈரம். வாயைத் துடைத்த ஈரம்.

அவளுக்கு ஓடிப்போய்விடலாம் என்றிருந்தது. ஏழு மணிக்கு மசானோரி வருவான். அவன் பேசுவான்.

"கதோவாகி-சான், தட்டுல ஒரு இலை இருந்துச்சு இல்லையா. அதைச் சாப்பிட்டீங்களா?"

கேட்டுவிட்டாள். அவர் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தார். பிறகு கையை வீசினார்.

"இலையா? அதைத் தாள்ல மடிச்சு எடுத்துட்டு வந்துட்டேன். எப்பவும் போல."

நிம்மதி வந்திருக்கவேண்டும். ஒரு நொடி வந்தது. அவர் பொய் சொல்வதில் கெட்டிக்காரர் இல்லை. ஆனால் பொய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சரி, நல்லது, நன்றி என்று தலைவணங்கிவிட்டுத் திரும்பிப் போகவேண்டிய இடம் அது. ஊரில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். அவர் அதற்காகவே காத்துக்கொண்டு நின்றார்.

"காட்டுங்க" என்றாள் வகானா.

"என்னது?"

"அந்தத் தாளை. எனக்குப் பாக்கணும்."

ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து மடித்து எடுத்துப்போனதைக் காட்டு என்று கேட்பது. அதைவிட அவமானமாக ஒரு மனிதரிடம் என்ன கேட்கமுடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. காது மடலெல்லாம் எரிந்தது. அவர் அவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"குப்பையில போட்டுட்டேனே."

"பரவாயில்லை. குப்பையில பாக்கறேன்."

"வகானா-சான்."

"அது விஷம்" என்றாள். "எனக்குத் தெரியாம வெச்சிட்டேன். அந்த இலை விஷம், கதோவாகி-சான். தயவுசெஞ்சு காட்டுங்க."

அவர் ஆணியில் தொங்கிய சட்டையின் பைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்துத் தந்தார். அவள் பிரித்தாள். நாலாக மடித்த வெள்ளைத் தாளில் ஒரு காம்பு இருந்தது. காம்பும், அதன் நுனியில் விரல்நகம் அளவுக்குப் பச்சையும். அந்தப் பச்சையின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

"கசப்பாத்தான் இருந்துச்சு" என்றார். மன்னிப்புக் கேட்பது போன்ற குரல். "அந்தக் கசப்புக்கு டீ நல்லா இருந்துச்சு. ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினேன் இல்லையா."

"எப்போலேருந்து வாந்தி?"

"வந்ததும்தான். ஒரு நாலு தரம் இருக்கும். எதுவும் நிக்க மாட்டேங்குது. மாத்திரை போட்டேன், அதுவும் வந்துடுச்சு."

"போன் அடிச்சேனே. ஏன் எடுக்கலை?"

அவர் செருப்புப் பலகைமேல் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கடைசிப் பலமும் போய்விட்டதுபோல முதுகு வளைந்தது.

"சொன்னா நீ அப்புறம் கூப்பிட மாட்டே."

அவர் அவளை இதுவரை நீ என்று சொன்னதே இல்லை. சொல்லி முடிப்பதற்குள் மறுபடி குமட்டியது. அவள் பக்கத்திலிருந்த வாளியை இழுத்து அவர்முன் வைத்து, ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். நெற்றி கொதித்தது. அவளைப் பற்றியிருந்த அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. எதிர்முனையில் நிதானமாகக் கேள்வி கேட்டார்கள். எத்தனை வயது, நினைவு இருக்கிறதா, என்ன சாப்பிட்டார். இலை என்றாள். என்ன இலை என்று கேட்டார்கள். சொன்னாள். யார் கொடுத்தது என்று அவர்கள் கேட்கவில்லை. நான்தான் கொடுத்தேன் என்று அவளே சொன்னாள்.

"சைரன் வேண்டாம்னு சொல்லு" என்றார் கதோவாகி-சான் வாளிக்கு மேலிருந்து. "தெருவே எட்டிப்பாக்கும். உன் வீட்டு டீயைப் பத்திப் பேசுவாங்க."

அவள் அதைப் போனில் சொல்லவில்லை. சைரனோடு வந்தது. தெருவே எட்டிப்பார்த்தது.

வண்டிக்குள் அவர் விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். திரையில் ஒரு கோடு ஓடியது. அது ஒழுங்காக ஓடவில்லை. மூன்று மேடு, ஓர் இடைவெளி, ஒரு மேடு, அடுத்த மேடு எங்கே என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போது சேர்ந்தாற்போல இரண்டு. இது எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் எதிரே உட்கார்ந்து டீ குடித்த மனிதரின் இதயம் எப்படி அடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு காரணமும் இருந்ததில்லை. பிளாஸ்டிக் பையை நீட்டினாள். அதில் அவளுடைய இலையும், அந்தக் காம்பும். வாங்கிக்கொண்ட இளைஞன் அதைச் சற்றுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சாப்பிடற ஷிசோ இலை மாதிரியே இருக்குல்ல" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மருத்துவமனை நடைபாதையில் அவள் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கொண்டுபோன கதவில் சின்னக் கண்ணாடி. அதன் வழியாக ஒரு திரையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. கோடு தெரியவில்லை. மருத்துவர் வந்து, மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை, நீர் ஏற்றுகிறோம், இதயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். பழைய நோய் இருப்பதால் இது இலையால் வந்த தடுமாற்றமா, மாத்திரை வயிற்றில் நிற்காததால் வந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்லமுடியாது. ஒரு முழு இலையா என்று கேட்டார். காம்பைத் தவிர முழுதும் என்றாள். இளசா, முற்றலா? இளசு, தேடிப் பறித்தேன் என்றாள். அந்தத் தேடி என்ற சொல்லைச் சொல்லியிருக்கவேண்டாம்.

மகனுக்கு மருத்துவமனையிலிருந்தே போன் செய்தார்கள். அவர் அவளோடு பேசவேண்டும் என்றார்.

"நீங்க யாரு?"

"பக்கத்து வீடு."

"டீக்குக் கூப்பிடற பொண்ணா?"

"ஆமாம்."

அந்தப் பக்கம் கார் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் கிளம்பிவிட்டிருந்தார். மலைப்பாதை முழுக்க மழை, வர நேரமாகும் என்றார். அப்பாவுக்கு யாரோ வேண்டுமென்றே செய்தார்களா என்ற கேள்வி அந்தக் குரலில் இருந்ததா, இல்லை தனக்குத்தான் அப்படிக் கேட்டதா என்று வகானாவுக்குத் தெரியவில்லை. போனை வைக்கும்முன் அவர், "போன்ல பேசும்போதெல்லாம் உங்க வீட்டுல என்ன சாப்பிட்டேன்னு அதைத்தான் சொல்லிட்டிருப்பாரு" என்றார். குற்றச்சாட்டா நன்றியா என்று சொல்லமுடியாத குரல்.

மசானோரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டான். பிறகு, மகன் வந்து சேர்ந்ததும் அவரிடம் முதலில் எழுந்து தலைவணங்கியது அவன்தான்.

கதோவாகி-சான் பிழைத்துக்கொண்டார். வாந்தி அடுத்த நாள் நின்றது. இதயத்தின் தாளம் பழையபடிக்கு வர இன்னும் சில நாள் பிடித்தது. பழையபடி என்பதே கொஞ்சம் தப்புத் தாளம்தான் என்று மருத்துவர் சொன்னாராம். மகன் கூட்டிவந்து விட்டுவிட்டு, வாசலில் வைத்து வகானாவிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. மூன்று மணிக்கு அடுப்பில் தண்ணீர் வைப்பாள். கொதிக்கும். அணைத்துவிடுவாள். தனக்கென்றுகூட மாட்சா போட்டுக்கொள்ள முடியவில்லை. காலையில் மசானோரிக்குச் சூப்பில் கீரை போடும்போது ஒவ்வொரு இலையையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தாள். கடையில் வாங்கிய கீரை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் அவர் இருமுவது கேட்கும். மூன்று மணிவாக்கில் கொஞ்சம் சத்தமாக இருமினார். அவள் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். கை போகவில்லை.

மாதக் கடைசியில் வாசல் மணி அடித்தது. வாசல் பக்கமாக வந்திராத மனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார்.

"இன்னைக்கு என் வீடு" என்றார். அவள் பேச வாயெடுப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டார்.

அவருடைய சமையலறை மேசையில் இரண்டு கிண்ணம். மாட்சா நுரை வராமல் ஓரத்தில் கட்டிகட்டியாக நின்றது. மூங்கில் மத்தின் இழைகள் பாதி உடைந்திருந்தன. தட்டில் வெள்ளை முக்கோணமாக ஒரு மாவு இனிப்பு, மேலே சிவப்புப் பயறு. பாதி வருடம் முடிகிற நாளில் நோய் அண்டாமல் இருக்க என்று எல்லாரும் சாப்பிடுவது. அடியில் எதுவும் இல்லை. வெறும் தட்டு.

அவள் குச்சியை எடுத்தாள். கை அதற்குமேல் போகவில்லை. வெள்ளை மாவையும் சிவப்புப் பயற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடவேண்டும். அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவேண்டும்.

"கேளு" என்றார் கதோவாகி-சான்.

அவள் நிமிர்ந்தாள்.

"என்ன கேக்கணுமோ கேளு. நான் கேட்டிருக்கணும் அன்னைக்கு. இலையைத் தின்னலாமான்னு ஒரு வார்த்தை. கேட்டா அசிங்கம்னு நினைச்சேன்."

"நானும்தான்" என்றாள்.

"அப்போ கேளு."

"எப்போ வாங்குனீங்க?"

"காலையில. கடை திறந்ததும்."

"எந்தக் கடை?"

பாலத்துக்குப் பக்கத்தில், அவள் வழக்கமாக வாங்குகிற அதே கடை என்றார்.

"உள்ள என்ன இருக்கு?"

"அரிசி மாவு. சர்க்கரை. பயறு. அந்தம்மாகிட்ட நானும் இதையேதான் கேட்டேன். முறைச்சாங்க."

"வெளியிலயே வெச்சிருந்தீங்களா?"

"குளிர்ப்பெட்டியில வெச்சா கல்லாயிடும்னாங்க. மூடி வெச்சிருந்தேன்."

கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. அவள் குச்சியால் ஒரு மூலையை வெட்டினாள். அது வழுக்கியது, மறுபடி குத்தி எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். நிமிர்ந்தபோது அவர் தன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.